புதனும் சனியும்

குழந்தையின் நெஞ்சுப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் எனக்கு வந்தது கவலை இல்லை, எரிச்சல். மூன்றாவது தடவை. அதே குழந்தை, அதே வலது நுரையீரல், அதே வெள்ளைத் திட்டு. போன தடவை வீட்டுக்கு அனுப்பும்போது பாதி கரைந்திருந்தது. இப்போது பழையபடி தடித்து, பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருந்தது.

1958-ஆம் வருஷம். சிங்கப்பூரில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கான நெஞ்சு நோய் வார்டில் வேலை பார்த்தேன். பெயர்ப் பலகையில் நான் டாக்டர் உர்சுலா. தமிழர்கள் நிறைந்த தேக்கா வட்டாரத்து ஜனங்களுக்கு டாக்டரம்மா. அந்தக் காலத்தில் நெஞ்சு நோய் என்றால் பத்துக்கு ஒன்பது டீபி. காலையில் டீபி, மத்தியானம் டீபி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பின் பெஞ்சில் இருமுகிறவரின் நெஞ்சிலும் டீபி. மிச்சம் இருக்கிற அந்த ஒன்று என்னவாக இருக்கும் என்று யோசிக்க யாருக்கும் தெம்பு இல்லை. எனக்கும் இல்லை. நாற்பது வயசு தாண்டியிருந்தது, கால் வீக்கம் வேறு.

குழந்தையின் பெயர் வடிவேலு. எட்டு மாசம். அம்மா கண்மணிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். அப்பா சேதுபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஓர் அறையில் குடித்தனம். இவனுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, ஏழாம் மாசத்தில் இருமலும் காய்ச்சலுமாகப் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டதாம், படம்கூட எடுக்கவில்லை. கண்மணி இதை முதல் நாளே சொல்லிவிட்டாள், விலாசம் சொல்கிற மாதிரி. அழுது தீர்த்துவிட்டுச் சொல்கிறவர்களின் குரல் அப்படித்தான் இருக்கும்.

வடிவேலுவின் விஷயத்தில் ஒன்றும் ஒன்றும் ஒட்டவில்லை. டீபி இருக்கிற குழந்தை இளைக்கும். இவன் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. டீபி இருந்தால் வீங்கும் என்று கையில் ஊசி போட்டுப் பார்த்தோம், வீங்கவில்லை. கைக்குழந்தைக்குக் காறித் துப்பத் தெரியாது, சளியை விழுங்கிவிடும். அதனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு வயிற்றுத் தண்ணீரை எடுத்துப் பார்ப்போம். எத்தனையோ தடவை எடுத்தாயிற்று, ஒரு கிருமிகூட அகப்படவில்லை. வார்டில் வைத்திருந்தால் மருந்து பெரிதாக எதுவும் கொடுக்காமலே தேறுவான். வீட்டுக்குப் போனால் சில வாரங்களில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவான்.

"வீட்டில் யாரோ கொடுக்கிறார்கள்," என்றார் பெரிய டாக்டர். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷர், என்னைவிடக் களைத்தவர். "வேறு என்னவாக இருக்க முடியும்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த அறையில் நான்காவதாக ஓர் ஆள் இருந்தார். சேதுபதியின் சித்தப்பா கோவிந்தசாமி. ரோடு போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சுருட்டுப் பிடிப்பார், இருமுவார். படம் எடுத்தால் மேல்நெஞ்சில் பழைய தழும்பு ஒன்று. ஆறிப்போனதுதான், சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் அவர் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் பாயையும் தகரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, அதே தெருக்கோடியில் ஒரு மளிகைக்கடையின் அஞ்சடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கடைகளுக்கு முன்னால் நடைபாதையாக ஓடும் தாழ்வாரம்தான் அஞ்சடி. மழை வந்தால் சாரல் அடிக்கும். "பிள்ளை நல்லா இருந்தா போதும் லா," என்றார்.

கிழவர் போன பிறகுதான் இந்த மூன்றாவது படம்.

"திங்கட்கிழமை சானடோரியத்துக்கு அனுப்பிவிடு," என்றார் பெரிய டாக்டர். "ஒரு வருஷமாவது இருக்கட்டும். ஸ்ட்ரெப்டோமைசின் ஆரம்பித்துவிடலாம்."

ஒரு வருஷம். அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். பிள்ளை ஆறு மாசத்தில் அவளை மறந்துவிடும். தினமும் ஊசி. அந்த ஊசி உயிரைக் காப்பாற்றும், பொய் சொல்லக் கூடாது, எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. சில பிள்ளைகளுக்குக் காதை வாங்கிக்கொள்ளும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகளை அங்கே நான் பார்த்திருக்கிறேன். டீபி என்றால் அந்த விலை கொடுக்கலாம். இல்லாத வியாதிக்குக் காதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வேறு என்ன என்று கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை.

கண்மணியிடம் சொன்னேன். அவள் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமைதானே? அதுவரைக்கும் வீட்டுல வெச்சுக்கறேன் டாக்டரம்மா. ரெண்டு நாள். கெஞ்சிக் கேக்கறேன்."

கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவளோடு வாதாடத் தெம்பில்லாமல் சரி என்றேன். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற வார்டு நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதுபதி வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் ஃபேரர் பார்க் பக்கம் திருப்பினேன். எனக்கு ஒரு சந்தேகம். கிழவர் திருட்டுத்தனமாக அறைக்குத் திரும்பி வந்துவிட்டாரோ, ராத்திரியில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாரோ என்று. சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

கிழவர் அஞ்சடியில்தான் இருந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய், தலைமாட்டில் பெட்டி, பெட்டி மேல் கோப்பிக் குவளை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் மேல போறதே இல்லை டாக்டரம்மா. பிள்ளையைத் தூக்கிட்டு வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறதோட சரி."

அவர் சொன்னதை நம்பினேன். நம்பியதும் எரிச்சல் என் மேலேயே திரும்பியது. மேலே ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்காங்க, இருக்காங்க. இன்னிக்குச் சனிக்கிழமையாச்சே. பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற நாள். போங்க."

மாடிப்படி இருட்டு. பின்கட்டில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான அடுப்படி, அதை ஒட்டிக் குளிக்கிற இடம். கண்மணி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். வடிவேலு அவள் கால்மேல் மல்லாந்து கிடந்தான், தலை அவள் பாதத்துப் பக்கம் சரிந்து. பக்கத்தில் பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெய், மிளகு போட்டுக் காய்ச்சியது. வாசனை படியிலேயே வந்தது. சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். கிரேன் ஓட்டுகிற ஆள் குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்த்து நான் கண்டதில்லை.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றேன்.

"எனக்கே இவருதான் சொல்லிக் குடுத்தாரு டாக்டரம்மா," என்று கண்மணி சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சேதுபதி கூச்சப்பட்டுக்கொண்டு வாளிப் பக்கம் திரும்பிவிட்டார்.

உச்சியில் எண்ணெய் வைத்தாள். மார்பு, முதுகு, கைகால் எல்லாம் தேய்த்தாள். குழந்தை சொகுசாகக் கிடந்தது. காதில் ஒரு சொட்டு. பிறகு விரலை எண்ணெயில் தோய்த்து, மூக்குத் துவாரத்துக்கு நேராகப் பிடித்து, விரல் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குழந்தை வீரிட்டது. வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தது, எண்ணெயோடு. முகம் சிவந்து, ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, அப்புறம் இருமல். அவள் மூக்கை ஊதிவிட்டு அடுத்த துவாரத்துக்குப் போனாள்.

"அடைச்சுக்கிட்டு இருக்கறது இறங்கணும்ல," என்றாள். "சளி இருக்கறதால இப்ப ரெட்டிப்பா விடுறேன்."

நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என் தம்பிகளுக்கு எங்கள் அம்மா விட்டாள். எனக்கும் விட்டிருப்பாள். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினாலும் எண்ணெய் மாறவில்லை எங்கள் வீட்டில். அதனால்தான் தோன்றவே இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் கேட்டது, குழந்தைக்கு என்ன கொடுக்கிறாய் என்று. அவள் ஒளிக்காமல் சொன்னாள்: தாய்ப்பால், கஞ்சி, ஓமத்தண்ணீர். எண்ணெய் கொடுக்கிற பொருள் இல்லையே. அது குளியல். குளியலைப் பற்றி எந்த டாக்டர் கேட்பான்?

அப்படி மல்லாந்து, தலை சரிந்து கிடக்கிற குழந்தையின் நெஞ்சில் எண்ணெய் இறங்கினால் எங்கே போய்த் தேங்கும் என்று பார்த்தேன். முதுகுப் பக்கம், வலது மேல்பாகம். வெளிச்சப் பெட்டியில் மூன்று தடவையும் வெள்ளையாக இருந்த அதே இடம்.

"போதும் கண்மணி," என்றேன். என் குரல் முரட்டுத்தனமாக வந்தது. "மூக்குல விடாதே. வாரத்துல எத்தனை தடவை?"

"புதனும் சனியும். ஆம்பளைப் பிள்ளைக்கு அதானே நாளு."

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப?"

"அங்க யாரு விடுறா?" அவள் முகத்தில் எங்கள் வார்டைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரம் தெரிந்தது. "வெறும் தண்ணியில துடைச்சு விடுறாங்க. அதான் வீட்டுக்கு வந்ததும் சேத்து விட்டுடறது."

அங்கே கவனிப்பு குறைவு, பிள்ளை தேறினான். இங்கே உயிரை வைத்துக் கவனித்தார்கள், பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

"இந்த எண்ணெய்தான் மூக்கு வழியா நெஞ்சுக்குப் போகுதுன்னு நினைக்கறேன்," என்றேன். "டீபியே இல்லாம இருக்கலாம். நிச்சயமா இப்ப சொல்ல முடியாது. பிள்ளையை இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

கண்மணி புரியாமல் என்னையும் கிண்ணத்தையும் பார்த்தாள். சேதுபதி வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை வயிற்றுத் தண்ணீர் எடுத்து லேபுக்கு நானே கொண்டுபோனேன். டீபி கிருமிக்குப் போடுகிற சாயம் வேண்டாம், கொழுப்புக்குப் போடுகிற சிவப்புச் சாயம் போடுங்கள் என்றேன். லேபில் இருந்த நெய்னா முகம்மது நக்கல்காரர். "என்ன டாக்டர், நெஞ்சு வார்டுல பலகாரம் சுடுறீங்களா?" என்றார். பிறகு மைக்ராஸ்கோப் குழலில் கண்ணை வைத்தார், பேச்சு நின்றது. தள்ளி எனக்கு இடம் விட்டார். நுரையீரலைச் சுத்தம் செய்கிற செல்கள் ஒவ்வொன்றும் வயிறு புடைக்கத் தின்றுவிட்டுக் கிடந்தன. உள்ளே சிவப்புச் சிவப்பாகச் சொட்டு. எல்லாம் எண்ணெய்.

பெரிய டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் கண்டதில்லை. மிகவும் அபூர்வம்," என்றார்.

"அபூர்வம் ஒண்ணும் இல்லை," என்றேன். "சனிக்கிழமை தேக்காவுல எந்த மாடிக்கும் போய்ப் பாருங்க. முக்கால்வாசிப் பிள்ளைங்க தப்பிச்சுக்குது. தப்பிக்காததை நாம டீபின்னு எழுதிடறோம்."

"உங்கள் ஜனங்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைமேல் ஆசை இருப்பதால் செய்கிறார்கள் என்றேன். அவர் சானடோரியத்துக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். மருந்து ஒன்றும் இல்லை. எண்ணெயை நிறுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும், மாசக்கணக்கில் தானாகக் கரையும். காது தப்பித்தது. அம்மாவும் கூடவே இருப்பாள்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மத்தியானம் பார்வையாளர் நேரம் வரும்வரை நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் அவர்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்தது என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். கண்மணி கட்டிலருகே இருந்தாள். சேதுபதி வெளியே வராந்தாவில், கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றார். கண்மணியிடம் சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எண்ணெயா? நெசமாவே எண்ணெயா? அப்ப டீபி இல்லையா? அனுப்ப மாட்டீங்களே?"

"அனுப்ப மாட்டோம். ஊசியும் இல்லை. தலைக்குத் தேய், உடம்புக்குத் தேய். மூக்குலயும் வாயிலயும் ஒரு சொட்டு விடக் கூடாது. உங்க சித்தப்பாவையும் திரும்பி வரச் சொல்லு. அவர்மேல தப்பில்லை. தப்பு என்மேலதான்னு சொல்லு."

அவள் குழந்தையின் பாதத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் மெதுவாக நகரப் பார்த்தேன்.

"டாக்டரம்மா. மூத்தவனும் இப்படித்தான் இருமினான்."

"அது வேற," என்றேன்.

"படமே எடுக்கலையே. பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு எத்தனையோ காய்ச்சல் வரும் கண்மணி. அதுல ஒண்ணு. இது இல்லை."

நாள் முழுக்கப் படத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவள் நான். படமே இல்லாத பிள்ளைக்கு அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காகச் சொல்ல வேணாம். நான் தாங்கிக்குவேன். மூத்தவனுக்கு எண்ணெய் விட்டது நான் இல்லை டாக்டரம்மா."

குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"அவன் பொறந்ததும் எனக்கு ஜன்னி கண்டுடுச்சு. மாசக்கணக்கா எந்திரிக்க முடியலை. வீட்டுல வேற பொம்பளை கிடையாது. அவருதான் அவங்க ஊர்க்காரங்ககிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டு வந்து குளிப்பாட்டுவாரு. டூட்டி முடிஞ்சு தூங்காமக்கூட. புதனும் சனியும் தவறினதே இல்லை. பக்கத்து ரூம்காரங்கல்லாம் கேலி பண்ணுவாங்க, அவரு கண்டுக்கவே மாட்டாரு." வராந்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழமையிலேருந்து அவரு சாப்பிடலை. எதுக்குன்னு நானும் கேக்கலை. இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அது வேறன்னு. அதை அவர்கிட்டச் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க டாக்டரு."

வராந்தாவுக்குப் போனேன். வெயில் பாதித் தூணுக்கு ஏறியிருந்தது. சேதுபதி ஃபிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று சொன்னேன். தலையாட்டினார். அதற்கு மேல் எதையோ எதிர்பார்த்து நின்றார்.

"உங்க மூத்த பையனுக்கு வந்தது வேற வியாதி," என்றேன். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். கோபமோ அழுகையோ இல்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த ஆளின் முகம்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லை."

அவர் ஃபிளாஸ்க்கை என்னிடம் நீட்டினார், உள்ளே கொடுக்கச் சொல்லி.

"சரி டாக்டரம்மா. நான் நம்பிட்டேன்னு அவகிட்டச் சொல்லிடுங்க."

உள்ளே போய்ச் சொன்னேன்.